மேற்கோள் குறியில் தொடங்கும் பெயர்

'மேற்கோள் குறியில் தொடங்கும் பெயர் யாருக்கும் இல்லை.'

ஜெபதுரை இதை ஒரு காகிதத்தில் எழுதி அடியில் கோடு போட்டான். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தான்.

அது 1987, மாசி மாதம். மலைமேல் கடுக்காய்க் கிடங்காக இருந்த கட்டடத்தில் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். சுவரிலிருந்து கடுக்காய் வாடை போகவில்லை. வெளியே ஜெனரேட்டர் காலை பத்து மணி முதல் நான்கு மணி வரை ஓடும்.

காட்டு எல்லைக்குள் கொல்லை நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்களைப் பட்டியல் எடுப்பது வேலை. பட்டியலில் பெயர் இருந்தால் பட்டா. இல்லாவிட்டால் கொல்லையையும் அதிலிருக்கும் வீட்டையும் விட்டு ஆடிக்குள் இறங்கிவிட வேண்டும். அளவைக்காரர்கள் ஒவ்வொரு கொல்லைக்கும் ஓர் எண் போட்டு, அளவை எழுதிச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். சீட்டோடு வருபவர்களின் பெயரை ஜோசபின் நேரடியாகக் கம்ப்யூட்டரில் அடித்தாள். அடித்து முடித்ததும் சீட்டு அடுப்புக்குப் போயிற்று. இங்கே பதிவேடே கிடையாது, யாரும் அடித்துத் திருத்த முடியாது என்று திட்ட அலுவலர் பஞ்சாட்சரம் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

ஜோசபின் அடித்ததைப் படித்துப் பட்டியலாக்கும் புரோகிராமை ஜெபதுரை எழுதியிருந்தான். ஒடுகத்தூர்க்காரன். சென்னையில் ஆறு மாதம் சி மொழி படித்தவன். வேலை தற்காலிகம். பட்டியல் முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகப் பஞ்சாட்சரம் சொல்லியிருந்தார்.

ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருக்கும். பிறகு கால்புள்ளி, கொல்லை எண், கால்புள்ளி, ஏக்கர். முதல் மேற்கோள் குறியைப் பார்த்ததும் புரோகிராம் பெயரைப் படிக்கத் தொடங்கும். இரண்டாவதைப் பார்த்ததும் நிறுத்தும்.

பெயருக்கு உள்ளேயே ஒரு மேற்கோள் குறி வந்தால் என்ன செய்வது? சி மொழியில் அதற்கு வழி இருந்தது. அந்தக் குறிக்கு முன்னால் பின்பக்கம் சாய்ந்த கோடு ஒன்றைப் போட வேண்டும். கோட்டைக் கண்டால், அடுத்து வரும் குறி முடிவு அல்ல, வெறும் எழுத்து, படித்துக்கொண்டே போகலாம். மலையில் யார் பெயரிலும் மேற்கோள் குறி வராது. ஆனாலும் ஜெபதுரை அதை எழுதி வைத்தான். அரைகுறையாக எழுதுவது அவனுக்குப் பிடிக்காது.

ஜோசபினுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவள் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஆண்களுக்கு அப்பா பெயர் வேண்டும். பெண்களுக்குப் புருஷன் பெயர் வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட அவளே இரண்டு குறிகளைத் தேர்ந்தெடுத்தாள்.

"சார், ஆம்பளைங்கன்னா அப்பா பேருக்கு முன்னாடி முன்னால சாய்ஞ்ச கோடு. பொம்பளைங்கன்னா புருஷன் பேருக்கு முன்னாடி பின்னால சாய்ஞ்ச கோடு. பார்த்தாலே தெரிஞ்சிடும். சரிங்களா?"

ஜெபதுரை தலையாட்டினான். அப்போது அவன் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தான்.

பெண்களின் முதல் பக்கம் அச்சில் வந்தபோது ஒவ்வொருத்தி பெயரும் அவள் புருஷன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டைக் காணோம். புரோகிராம் அதை விழுங்கியிருந்தது. ஜோசபினிடம் வேறு குறி போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது பெயர்களை மறுபடி அடிக்க வேண்டும். ஏன் என்று பஞ்சாட்சரம் கேட்பார். ஜெபதுரை புரோகிராமில் ஒரு வரியை மாற்றினான். கோட்டுக்குப் பின் மேற்கோள் குறி வந்தால் மட்டும் பழைய விதி. வேறு எழுத்து வந்தால் கோடு கோடாகவே இருக்கட்டும்.

புருஷன் பெயரே மேற்கோள் குறியில் தொடங்கினால்தான் இனிச் சிக்கல். அதற்குப் பிறகுதான் அந்தக் காகிதத்தில் அப்படி எழுதினான்.

இன்னொரு மாற்றமும் முன்பே செய்திருந்தான். தை மாதம் மேலதிகாரிகள் பார்க்க வந்தபோது எங்கோ ஒரு கால்புள்ளி கூடுதலாக இருந்து புரோகிராம் நின்றுவிட்டது. பஞ்சாட்சரம் அவன் தோளில் கைபோட்டு முன்னால் தள்ளினார். "இவருதாங்க நம்ம மெஷினை நிறுத்துறவரு. நீங்க டீ குடிங்க. இவரு ஓட்டறதுக்குள்ள மலையே இறங்கிடும்." எல்லோரும் சிரித்தார்கள். ஜெபதுரையும் சிரித்தான். மறுநாளே எழுதினான்: புரியாதது எது வந்தாலும் நிற்காதே. அடுத்த கால்புள்ளிக்குத் தாவு. பெயருக்குள் எழுத்தும் கோடும் அல்லாத எது வந்தாலும் அதோடு அச்சை வெட்டிவிடு.

அதன்பின் புரோகிராம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

*

நிலம் வைத்திருந்த பெண்கள் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் விதவைகள். மாதம்மாள் விதவை அல்ல. அவள் புருஷன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காப்பித் தோட்ட வேலைக்கென்று போனவன், திரும்பி வரவில்லை. இருக்கிறானா, செத்தானா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாம் நாள் வரிசையில் அவள் முறை வந்தது. சீட்டை நீட்டினாள். கொல்லை எண் 112. எண்பது சென்ட்.

"பேரு?" என்றாள் ஜோசபின்.

"மாதம்மா."

ஜோசபின் அடித்தாள். கோட்டையும் அடித்தாள்.

"புருஷன் பேரு?"

மாதம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

மலையில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அவன் செத்த பிறகும் சொல்வதில்லை. இதுவரை அதனால் தடங்கல் வரவில்லை. முன்னால் நிற்பவளின் புருஷன் பெயரைப் பின்னால் நிற்பவள் சொல்லிவிடுவாள். இருபது பெண்களுக்கு மேல் அப்படித்தான் போயிருந்தார்கள்.

மாதம்மாளுக்குப் பின்னால் நின்றவள் செல்லி. அவளுடைய நாத்தனார். ஓடிப்போனவனின் அக்கா. புருஷன் செத்த பிறகு அப்பன் கொல்லைக்கே திரும்பி வந்தவள். அவள் சீட்டில் 113 என்று இருந்தது. இரண்டு ஏக்கர் பத்து சென்ட், ஓடைத் தண்ணீர் பாயும் நிலம், நடுவில் வீடு.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் ஜோசபின்.

"இன்னாத்த?"

"இவங்க புருஷன் பேரு."

"இவளுக்கு ஏது புருஷன்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உங்க தம்பிதானாமே. அவரு பேரைச் சொல்லுங்க."

"என் தம்பி பேரு எனக்குத் தெரியும். அது இவளுக்கு எதுக்கு? பெத்த மூணையும் மண்ணுல போட்டா. மூணாவது செத்த அன்னிக்கு எறங்கிப் போனான் அவன். இவ மூஞ்சில முழிக்க முடியாமதான் போனான்."

மாதம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "சொல்லிடு அண்ணி. ஒரு பேருதானே."

"ஒரு பேருதானே. நீயே சொல்லேன். வாய் கீதுல்ல?"

"அது எப்படி சொல்றது."

"சொல்லு. புருஷன்னு ஒருத்தன் இருந்தாத்தான் பேரு சொல்லக் கூடாது. உனக்கு இன்னா? தாராளமா சொல்லலாம்."

மறுபடியும் சிரிப்பு. ஜோசபின் வரிசையைப் பார்த்தாள். "வேற யாராவது சொல்லுங்கம்மா." யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். செல்லியின் வாயும் தெரியும்.

ஜெனரேட்டர் நிற்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. ஜெபதுரை பின்னாலிருந்து சொன்னான். "விடுங்க ஜோசபின். காலியா விட்டுட்டு அடுத்த ஆளைப் பாருங்க."

ஜோசபின் மேற்கோள் குறியை மூடினாள். எண்களை அடித்தாள். திரையில் அந்த வரி இப்படி இருந்தது:

"MATHAMMAL\", 112, 0.80

செல்லி முன்னால் வந்தாள். "செல்லி" என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"புருஷன் பேரு?"

மாதம்மாள் இன்னும் மேசை ஓரத்தில் நின்றிருந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள். "ரங்கசாமி."

ஜோசபின் அடித்தாள்.

"CHELLI\RANGASAMI", 113, 2.10

*

வைகாசியில் பட்டியல் ஒட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பேர் கையெழுத்து, முத்திரை. கிடங்கின் கதவில் நீளமாகத் தொங்கியது.

மூன்றாம் நாள் செல்லி வந்தாள். வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கொடுவாளோடு வந்திருந்தாள்.

"என் பேரு இல்லியாம். படிக்கத் தெரிஞ்சவன் ரெண்டு பேரக் கேட்டுட்டேன். நீ படி."

ஜெபதுரை படித்தான். இல்லை. பெண்கள் பட்டியலின் கீழே மொத்தம் நாற்பது என்று இருந்தது. நாற்பத்தொன்று இருக்க வேண்டும். 112ஆம் எண்ணும் இல்லை. 113 இருந்தது. அதற்கு நேரே மாதம்மாள் பெயர்.

உள்ளே போய் ஃபிளாப்பியைப் போட்டு ஜோசபின் அடித்ததைத் திறந்தான். செல்லியின் வரி அங்கே இருந்தது, ஒரு பிழையும் இல்லாமல்.

வெளியே வந்து சொன்னான். "உள்ள இருக்கும்மா. உங்க பேரு மெஷின்ல இருக்குது. வெளிய வரலை. நான் பார்க்கறேன்."

"கீதுல்ல?"

"இருக்குது."

"அது போதும்" என்று செல்லி போனாள்.

பிறகு அவன் ஒரு காகிதத்தை எடுத்து, புரோகிராம் செய்ததை ஒவ்வொரு எழுத்தாகத் தானே செய்து பார்த்தான்.

மாதம்மாள் என்ற பெயரைப் படிக்கிறது. கோடு வருகிறது. கோட்டுக்குப் பின் மேற்கோள் குறி. பழைய விதிப்படி இது முடிவு அல்ல, வெறும் எழுத்து. மேலே படிக்கிறது. 112, எண்பது சென்ட் எல்லாமே பெயரின் பகுதியாக உள்ளே போகின்றன. வரி முடிந்தும் நிற்கவில்லை. அடுத்த வரியின் தொடக்கத்தில், செல்லியின் பெயருக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி. இதுதான் முடிவு என்று அங்கே நிறுத்துகிறது. இப்போது ஒரு கால்புள்ளி வர வேண்டும். செல்லி வருகிறாள். புரியவில்லை. நிற்காதே, அடுத்த கால்புள்ளிக்குத் தாவு. செல்லியையும் ரங்கசாமியையும் தாண்டித் தாவுகிறது. 113. இரண்டு ஏக்கர் பத்து சென்ட். மேற்கோள் குறி வந்த இடத்தோடு அச்சில் பெயரை வெட்டிவிடுகிறது. மாதம்மாள், 113, 2.10. பார்ப்பதற்குச் சுத்தமான வரி.

மேற்கோள் குறியில் தொடங்கும் பெயர் யாருக்கும் இல்லை. பெயரே சொல்லப்படாத ஒருத்தன் இருப்பான் என்று அவன் நினைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் போய்விட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.

*

"ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம் சார்."

"எதை?" என்றார் பஞ்சாட்சரம்.

"லிஸ்ட்டை."

"லிஸ்ட்டுல மூணு பேர் கையெழுத்துக் கீது தம்பி. அதுல ரெண்டு பேரு என்னைவிடப் பெரியவங்க. அவங்ககிட்டப் போய் இன்னான்னு சொல்லுவேன்? மெஷின் தப்பு பண்ணாதுன்னு சொல்லித்தானே மலைமேல தூக்கியாந்தேன்."

"ஃபிளாப்பில சரியா இருக்குது சார். திரையில பார்க்கலாம்."

"ஃபிளாப்பிய யார் பார்த்தா? காயிதம்தான் சட்டம்." அவர் வெற்றிலையை மடித்தார். "சரி, யார் தப்பு?"

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. ஜெபதுரையின் பெயர் அதன்மேல் தெரிந்தது. நிரந்தர வேலைக்கான உத்தரவு. பதினைந்து நாளாக அங்கேயே இருந்தது.

"டைப் அடிச்சதுல சார்."

"அப்படிச் சொல்லு."

ஜோசபினைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள்.

"புருஷன் பேரைக் காலியா விட்டியாம்மா?"

"சார்தான் விடச் சொன்னாரு."

பஞ்சாட்சரம் ஜெபதுரையைப் பார்த்தார். அவருக்கு இது பிடித்திருந்தது. "இன்னா தம்பி, சொன்னியா?"

"காலியா விடச் சொன்னேன். கோடு போட்டுட்டுக் காலியா விடச் சொல்லலை."

"கோட்டைப் பத்தி உங்ககிட்டக் கேட்டேனே சார்" என்றாள் ஜோசபின். "ஆம்பளைக்கு இந்தக் கோடு, பொம்பளைக்கு அந்தக் கோடுன்னு. தலையாட்டினீங்களே."

"எனக்கு ஞாபகம் இல்லை."

"கோடு போட்டது தப்புன்னா நாப்பத்தோரு பேருக்கும்தானே போட்டேன்? மத்தவங்களுக்கெல்லாம் சரியா வந்திருக்குதே?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் புரோகிராமை விளக்க வேண்டும்.

"பெரியவங்க பேசறப்ப எதிர்ப் பேச்சு" என்றார் பஞ்சாட்சரம். "நாளையிலேர்ந்து வர வேணாம்மா. டைப் அடிக்க வேலூர்ல நூறு பேர் நிக்கறாங்க."

ஜோசபின் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டாள். அமிர்தி வழியாகப் போகும் பஸ் மூன்று மணிக்கு. அவள் வாசலில் நின்றாள்.

"நீங்களும் வேதக்காரர்தானே சார். ஞாயித்துக்கெழம சர்ச்சுல முன் வரிசையில உக்காருவீங்களா, பின் வரிசையிலயா?"

ஜெபதுரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிற்கவில்லை.

அன்று மாலையே புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தான். பெயர் முடியாமல் வரி முடிந்தால் நின்று, எண்ணைச் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்த்தான். மாதம்மாளின் வரியில் சரியாக நின்றது. பிறகு அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டான். எப்போது சேர்த்தாய் என்று யாராவது கேட்பார்கள்.

*

ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். செல்லி சொன்னாள். ஆனி மாதம் பதினேழாம் தேதி விசாரணை. கிடங்கின் முன்னால் புங்க மரத்தடியில் மேசை போட்டார்கள். ஜெபதுரை எழுதுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தான். உறையை முந்தின நாள்தான் பஞ்சாட்சரம் எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "இந்த ஒரு விசாரணை முடியட்டும்" என்றார்.

மாதம்மாளும் செல்லியும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ஊர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"விதி இதுதான்" என்றார் பஞ்சாட்சரம். "லிஸ்ட்டுல யார் பேரு கீதோ அவங்க, இது என்னுது இல்ல, இன்னாருதுன்னு பேர் சொல்லிக் கைநாட்டு வெச்சாத்தான் மாத்தலாம். இல்லாட்டி மாத்த முடியாது. மாதம்மா, புரியுதா?"

"புரியலீங்க."

"நூத்திப் பதிமூணு உன் பேர்ல கீது. அது உன்னுதா?"

"லிஸ்ட்டுல யார் பேரு கீது?"

"உன் பேரு."

"அப்ப என்துதானே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்லி சிரிக்கவில்லை. "அடியே, உன்னுது நூத்திப் பன்னெண்டு. பாறையாண்ட கீதே அது. அதுல உக்காந்துக்கினு என்துன்றியா?"

"நூத்திப் பன்னெண்டு எங்கே?" என்று மாதம்மாள் பஞ்சாட்சரத்திடம் கேட்டாள்.

"அது லிஸ்ட்டுலயே இல்லம்மா. காட்டோட சேர்ந்துடுச்சு."

"இது என்துல்லன்னு நான் கைநாட்டு வெச்சா அது வருமா?"

"அதுக்கு உத்தரவாதம் இல்ல. தனியா எழுதிப் போடணும். வந்தா வரும்."

"வரலன்னா?"

"ரெண்டும் இல்ல. இறங்க வேண்டியதுதான்."

மாதம்மாள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் மேசைமேலிருந்த மைப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு செல்லியிடம் கேட்டாள். "சாமைக்கு உழுதுட்டியா அண்ணி?"

"நேத்துதான்டி ரெண்டாஞ்சால் முடிச்சேன். எதுக்குக் கேக்கற?"

"நல்லதாப் போச்சு. விதைச்சா போதும்."

செல்லி மேசையைச் சுற்றி ஜெபதுரையிடம் வந்தாள். "சார். நீ சொன்னியே. உன் மெஷின் உள்ள என் பேரு கீதுன்னியே. வெளிய வரலன்னியே. இவருகிட்ட சொல்லு. ஒரு வார்த்த சொல்லு."

பஞ்சாட்சரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சொன்னியா தம்பி?"

ஜெபதுரை பேனாவின் மூடியைத் திருகினான்.

"நிறையப் பேர் வந்தாங்க சார். சரியா ஞாபகம் இல்லை."

"தோ, அவரே சொல்லிட்டாரு." பஞ்சாட்சரம் மாதம்மாள் பக்கம் திரும்பினார். "கடைசியா ஒரு கேள்வி. எழுதணும், அதனால கேக்கறேன். நூத்திப் பதிமூணு இன்னி வரைக்கும் யார் அனுபவத்துல கீது? பேரைச் சொன்னாப் போதும். சொன்னா மேலிடத்துக்கு எழுதலாம். சொல்லலன்னா இதோட சரி."

செல்லி அவளையே பார்த்தாள். "மாதம்மா" என்றாள். அந்தக் குரலில் அவள் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. "பேரைச் சொல்லிடும்மா."

மாதம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"எப்படிங்க சொல்றது?" என்றாள் பஞ்சாட்சரத்திடம். "புருஷன் பேரையே நாங்க சொல்றதில்ல. அவரு கூடப் பொறந்தவங்க பேர நான் எப்படிச் சொல்லுவேன்?"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மாசியில் வரிசையில் நின்ற பெண்கள்தான் உரக்கச் சிரித்தார்கள். பஞ்சாட்சரத்துக்குத் தொப்பை குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்லி கத்தினாள்.

"கோபால்சாமி! அவ புருஷன் பேரு கோபால்சாமி! என் தம்பி கோபால்சாமி! எழுதிக்கோ! அவளுக்குப் புருஷன் கீறான்! கோபால்சாமி!"

சிரிப்பு நின்றது. மாதம்மாள் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல அண்ணி."

"இப்ப சொல்றேனே! எழுதிக்கோ சார்! கோபால்சாமி!"

"எழுதிக்க தம்பி" என்றார் பஞ்சாட்சரம். "மாதம்மா, புருஷன் கோபால்சாமி. பட்டாவுல அந்த எடம் காலியா இருக்குதுன்னு நானே யோசிச்சுக்கினு இருந்தேன். நல்லவேளை. நாத்தனாரே வாயால சொல்லிட்டாங்க." பிறகு செல்லியிடம், "ஆடி ஒண்ணாந் தேதி பட்டா கொடுக்கறோம். அதுக்குள்ள வூட்டைக் காலி பண்ணிடும்மா. கதவு, நெலையெல்லாம் பேத்து எடுக்காதே. அது நெலத்தோட சேர்ந்தது" என்றார்.

மாதம்மாள் மைப்பெட்டியில் விரலை வைத்தாள். எங்கே வைப்பது என்று ஜெபதுரை காட்டினான்.

*

மூன்று மணி. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜோசபின் உட்காரும் ஸ்டூலில் ஜெபதுரை உட்கார்ந்தான். மாதம்மாளின் வரியைத் தேடி எடுத்தான். கோட்டுக்கும் மேற்கோள் குறிக்கும் நடுவில் கோபால்சாமியை அடித்தான். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து.

புரோகிராமை ஓட்டினான்.

பிரின்டர் இரைந்தது. பக்கம் மேலே ஏறியது. அவன் குனிந்து படித்தான். மாதம்மாள், கோபால்சாமி, 112, எண்பது சென்ட். அதற்குக் கீழே செல்லி, ரங்கசாமி, 113, இரண்டு ஏக்கர் பத்து சென்ட். மொத்தம் நாற்பத்தொன்று. கோட்டுக்குப் பின் பெயர் வந்துவிட்டது. இப்போது புரோகிராமில் ஒரு குறையும் இல்லை.

பஞ்சாட்சரம் பின்னால் வந்து நின்றார். பக்கத்தைக் கிழித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இன்னா இது?"

"பேரைப் போட்டதும் சரியா வந்துடுச்சு சார்."

"கையெழுத்துப் போட்டதுல எத்தினி பேரு?"

"நாப்பது."

"இதுல?"

பஞ்சாட்சரம் பக்கத்தை நான்காக மடித்து ஜெபதுரையின் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு தட்டு தட்டினார். கையில் பழுப்பு உறை இருந்தது. அதைக் கீபோர்டின் மேல் வைத்தார்.

"கரென்ட் போறதுக்குள்ள முடிச்சிடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜெபதுரை உறையைத் தள்ளி வைத்தான். மாதம்மாளின் வரியில் 112ஐ அழித்து 113 என்று அடித்தான். 0.80ஐ அழித்து 2.10 என்று அடித்தான். இங்கே மேற்கோள் குறி இல்லை, கோடு இல்லை. வெறும் எண்கள்.

ஒரு வரி கீழே இறங்கினான். செல்லியின் பெயர் முழுதாக இருந்தது. வெளியே புங்க மரத்தடியில் அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. யாரிடமோ கொடுவாளைக் கேட்டுக்கொண்டிருந்தாள், மரத்தடியில் வைத்ததைக் காணோம் என்று.

அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தான். எழுத்துகள் வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாகப் போயின. 2.10 போயிற்று. 113 போயிற்று. மூடும் மேற்கோள் குறி போயிற்று. ரங்கசாமி போனான். கோடு போயிற்று. பெயர் போயிற்று. கடைசியாகத் திறக்கும் மேற்கோள் குறி.

புரோகிராமை ஓட்டினான். எங்கும் நிற்கவில்லை. மொத்தம் நாற்பது.

அச்சான தாளின் இரண்டு ஓரங்களிலும் துளை போட்ட பட்டை இருந்தது. அதைக் கவனமாகக் கிழித்தான். இடது ஓரம், பிறகு வலது ஓரம். தாள் கிழியாமல் வந்தது.